ஏலத்தில் எடுத்த எண்ணெய்

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஒரகடம் பக்கம் வயலெல்லாம் பிளாட்டும் கம்பெனியுமாகிவிட்ட பிறகு அறுக்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். மார்க்கெட்டில் வாங்கிய பூசணி, தேங்காய், வாழைத்தார் — எதையாவது காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம்.

மைக் பிடித்தவர் சபைச் செயலாளர். லேபிள் இல்லாத ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பழுப்பு மஞ்சளாக ஏதோ...

"செக்குல ஆட்ன நல்லெண்ண! சும்மா கமகமன்னு கீது! யாருக்கு வோணும்?"

மூடியைத் திறக்காமலே கமகம!

நான் விடுவேனா? போட்டி போட்டு எடுத்தேன். திறந்தேன். குப்பென்று கெமிக்கல் நெடி.

"அது எண்ணெ இல்ல, அண்ணாச்சி. எங்க வீட்டு போர் தண்ணி. நாந்தான் காணிக்கையோட வச்சேன்."

சொன்னது ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். புருஷனுக்கு இங்கே ஷிப்ட் வேலை, ஏரிக்கரையில் வாடகை வீடு. இடுப்பிலிருந்த கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம்.

பக்கத்துக் கம்பெனி கழிவை ஏரியில் விடுகிறது என்று ஊரே சொல்கிறது. கலெக்டருக்குச் சபை ஒரு மனு கொடுக்கட்டும் என்று மூன்று மாதமாகக் கேட்கிறாள். மனுவை அவளே எழுதியும் கொடுத்துவிட்டாள். கமிட்டி என்ன செய்தது தெரியுமா? அவள் பெயரை ஜெபக் குறிப்பில் சேர்த்தது! வாராவாரம் ஆமென் சொன்னோம். மனு மட்டும் போகவில்லை. ஏனென்றால் எங்கள் மைக், ஸ்பீக்கர் எல்லாம் அந்தக் கம்பெனியின் நன்கொடை.

சுற்றுச்சூழல் ஞாயிறு என்று மரக்கன்று நட்டு போட்டோ எடுக்கத் தெரிகிறது, ஒரு கையெழுத்துப் போடக் கை வரவில்லை. சே! நானும் அந்தக் கமிட்டியில்தான் இருக்கிறேன் — வாயில் கொழுக்கட்டையோடு.

செயலாளர் பதறினார். "பண்டிக அதுவுமா இதெல்லாம் இன்னாத்துக்கும்மா? பாஸ்டர் தனியா ஜெபம் பண்ணுவாரு."

ஸ்டெல்லா என் கையிலிருந்த பாட்டிலை வாங்கினாள். செயலாளர் பக்கத்தில் நின்றிருந்த பாஸ்டரிடம் நேராகப் போனாள்.

"பாஸ்டரய்யா, அடுத்த மாசம் எம்புள்ளைக்கு ஞானஸ்நானம்லா? இந்தத் தண்ணியிலயே குடுங்க. வீட்டுல தெனமும் இதுலதான குளிப்பாட்டுதேன்."

பாஸ்டர் பாட்டிலைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு அங்கிக்குள் கைவிட்டுப் பேனாவைத் தேடினார்.

"அந்த மனுவ எடுத்துட்டு வாங்க" என்றார்.

செயலாளர் மைக்கை அணைக்க மறந்திருந்தார். கம்பெனி கொடுத்த மைக் ஆயிற்றே... கடைசி பெஞ்ச் வரை கணீரென்று கேட்டது!