என் தேற்றம் ஒரு வரியான நாள்

கணிதத்துக்கென்று உலகில் கொடுக்கப்படும் மிகப் பெரிய பதக்கம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடையாது. போன முறை அது அறிவிக்கப்பட்டபோது எனக்கு முப்பத்தொன்பது. அது எனக்குக் கிடைக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஐயம்பேட்டையில் வீடு; பக்கத்திலுள்ள பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். அவ்வளவுதான் நான்.

ஒரு காலத்தில் சென்னையில் ஆராய்ச்சி செய்தேன். பகா எண்களைப் பற்றிய ஒரு கேள்வி. அதில் ஒரே ஒரு வகைக்கு மட்டும் விடை கண்டு பட்டம் வாங்கினேன். மற்ற வகைகளுக்கும் அது பொருந்தும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. அம்மா பக்கவாதத்தில் விழுந்து, நான் ஊரோடு தங்கிவிட்ட பிறகும் அந்தக் கேள்வியை விடவில்லை. கல்லூரிப் பேருந்தில் யோசிப்பேன். அம்மாவுக்குக் கஞ்சி ஆறும் நேரத்தில் கிறுக்குவேன். பட்டுப்புடவை பார்சல் ஏற்றும் வண்டி ஓட்டுகிற என் கணவர், நான் பேனாவை எடுத்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

பதக்க விழாவை ஆசிரியர் அறையில் போனில் பார்த்தேன். வாங்கியவர்களில் ஒருவர் என்னைவிட இளையவர். அவர் எதை நிரூபித்தார் என்று சொல்லத் தொடங்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. என் கேள்விதான் அது. எல்லா வகைகளுக்கும் சேர்த்து முடித்திருந்தார். நிரூபணம் வெளிவந்தே சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அது தெரியாமல் நான் இங்கே உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் பழைய ஆராய்ச்சி நெறியாளருக்குப் போன் செய்தேன். ஓய்வுபெற்றுவிட்டவர். "ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேம்மா," என்றார். பிறகு அம்மாவின் உடல்நிலையை விசாரித்தார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையை இறக்கிப் படித்தேன். என் ஆராய்ச்சிக் காலம் முழுவதையும் விழுங்கிய முடிவு அதில் ஒரு வரியாக இருந்தது. 'இதிலிருந்து உடனே கிடைக்கிறது' என்று எழுதியிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை. யாரும் படிக்காத ஓர் இதழில் வந்த என் கட்டுரையை அவர் எப்படிப் பார்த்திருப்பார்?

"இன்னா ஆச்சு? மூஞ்சே செரியில்லியே," என்றார் கணவர்.

"நான் போட்டுக்கினு இருந்த கணக்க வேற ஒருத்தர் முடிச்சிட்டாருங்க."

"நீ போட்டது தப்பாமா?"

"தப்பில்ல. இனிமே தேவையில்ல."

"வேற கணக்கு இல்லியா?" என்றார்.

"இருக்குது. இத புரிஞ்சிக்கவே எனக்குப் பாதி வயசு போயிடுச்சு."

அன்று அம்மாவுக்கு மாத்திரையை அவரே எடுத்துப்போய்க் கொடுத்தார்.

மறுவாரம் கல்லூரி முதல்வர் அழைத்து, அந்தப் பதக்கத்தைப் பற்றி மாணவர்களுக்கு உற்சாகமாக ஏதாவது பேசச் சொன்னார். பேசினேன். அந்த நிரூபணம் உண்மையிலேயே அழகானது. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. முடிந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"மேம், நீங்களும் இதே டாபிக்ல ரிசர்ச் பண்ணீங்களாமே. உங்க பேரும் அதுல வருமா?"

"வராதுமா."

அவள் சங்கடப்பட்டு உட்கார்ந்தாள். கைதட்டினார்கள்.

அடுத்த பருவத்தில் கணிதத் துறையைக் கணினித் துறையோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது வேலைவாய்ப்புத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எதிரெதிரே வரும் ரயில்கள், தொட்டியை நிரப்பும் குழாய்கள். விடை நான்கில் ஒன்றாக அங்கேயே இருக்கும். நாற்பது முடிந்தது. வீட்டில் நான் பேனாவை எடுப்பதில்லை. கணவர் மட்டும் டிவியை இன்னும் சத்தம் குறைத்தே பார்க்கிறார். கூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன், கேட்பதில்லை.