செப்புத் தகட்டில் எங்கள் வீடு

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு பழைய வீட்டின் பாதியில். துறைமுகத்தில் வியாபாரம் செய்த ஒருவர் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. தெருவில் நின்று பார்த்தால் இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் வீட்டுக்காரர் குடும்பம். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. யன்னல் காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்று நினைத்து, அவளுடைய கட்டிலை முன்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். ஒரு முழம் தடிப்பான சுவர். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நம்பினேன்.

எதிர் மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அச்சோவியம் செய்யும் ஒரு பெண் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, பிறகு மை தடவித் தாளில் அழுத்தி எடுப்பார். பல மாதமாகத் தன் பல்கனியிலிருந்து எங்கள் வீட்டைத்தான் கீறிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு மதியம், முதல் பிரதி வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். பிள்ளை நித்திரை, கணவர் வீட்டில் இருந்தார். ஆனாலும் விட்டுவிட்டுப் போகலாமா என்று திரும்பத் திரும்ப யோசித்துத்தான் படியேறினேன்.

தாள் இன்னும் ஈரமாக இருந்தது. ஓடுகள், தூண்கள், பின்னால் தூரத்தில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். நாங்கள் இருப்பது இவ்வளவு அழகான வீட்டிலா என்று இருந்தது. முகப்பின் உச்சியிலிருந்து விறாந்தைக் கூரை வரை ஒரு கறுப்புக் கோடு நெளிந்து இறங்கியது. ஊசி வழுக்கிவிட்டதா என்று கேட்டேன்.

"வழுக்கேல்ல. அது வெடிப்பு. இருக்கிறதைத்தான் கீறினனான்."

கோடு படத்தின் வலப்பக்கம் இருந்தது. வீட்டுக்காரர் பக்கம். எனக்கு நிம்மதி வந்தது. அப்படி வந்ததற்காக உடனே கூச்சமும் வந்தது. இதைப் போய்ச் சொன்னால், வாடகைக்கு இருப்பவள் குறை பிடிக்கிறாள் என்று நினைப்பார்களோ? "பாவம், அவையின்ர பக்கம் இப்பிடிக் கிடக்கெண்டு அவைக்குத் தெரியுமோ தெரியாது" என்றேன்.

மை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அது உங்கட பக்கம், தங்கச்சி. தகட்டில கீறினது தாளில இடம் வலம் மாறித்தான் விழும்."

பல்கனிக்குப் போனேன். வெடிப்பு எங்கள் பாதியில்தான் இருந்தது. விரல் நுழையும் அகலம். அதற்குள் ஓர் அரசங்கன்று இலைவிட்டு நின்றது. அதற்கு மேலே முகப்பு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. நேர் கீழே, ஓட்டுக்கும் சீலிங் பலகைக்கும் கீழே, மகளின் கட்டில்.

அங்கிருந்தே கணவருக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளையைத் தூக்குங்கோ."

"இப்பதானே நித்திரையாக்கினனான். எழும்பினா நீரே பாரும்."

"தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வாங்கோ. கதைக்காதேங்கோ."

நான் இறங்கி ஓடியபோது அவர் சாரத்தோடு, வெறுங்காலோடு தெருவில் நின்றார். மகள் தோளில் சிணுங்கினாள். அவளை வாங்கி, ஏதோ ஏற்கெனவே விழுந்துவிட்டதுபோல் தலையையும் கைகால்களையும் தடவிப் பார்த்தேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே, அவசரப்படுகிறீரா என்று கேட்டார். எனக்கும் ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது. விறாந்தைக் கூரை எல்லாவற்றையும் மறைத்திருந்தது. கீழே தெரிந்ததெல்லாம் வெள்ளையடித்த, நேரான, நல்ல சுவர். எதிர் பல்கனிக்குப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் இறங்கி வர நேரம் எடுத்தது. வந்தவர் நேரே வீட்டுக்காரரின் கதவைத் தட்டி, எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். பிறகு வத்தளையில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் எடுத்து, இன்றைக்கே வருகிறோம், எத்தனை நாளுக்கென்று தெரியாது என்றார்.