கட்டாக வந்த அட்டைகள்

ஆஸ்பத்திரியின் துணி அறையில் அவளுக்குப் பதினேழு வருஷம். நர்சுகள் வைத்த பெயர் மடிப்பக்கா. விரிப்பைத் தொட்டதுமே மடித்த கை பழகிய கையா, புதுக் கையா என்று சொல்லிவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

தினமும் காலையில் சலவைக் கம்பெனி வண்டியில் இரண்டு பெண்கள் மூட்டை இறக்க வருவார்கள். கூடவே மேஸ்திரி. அந்தப் பெண்களிடம் எதைக் கேட்டாலும் அவன்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வான். ஒருநாள் அவன் வண்டிப் பக்கம் போன நேரத்தில், சின்னவள் கிசுகிசுத்தாள்.

"அக்கா, ஊருக்குப் போகணும்னு மூணு மாசமா கேக்கறேன். என் கார்டைத் தரமாட்டேங்கறாரு. வேலை முடிஞ்சதும் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிடறாங்க."

அன்று மடிப்பக்காவுக்குக் கையில் வேலை ஓடவில்லை. நேரே கொள்முதல் அதிகாரியம்மாவிடம் போனாள். அவர் ஒப்பந்தத்தைப் புரட்டினார். வேலையாட்களின் அடையாள அட்டை அவரவரிடமே இருக்கும் என்று கம்பெனி கையெழுத்துப் போட்டிருந்தது.

"நானே கண்ணால பாக்கணும். நாளைக்கு வந்ததும் எல்லார்கிட்டயும் அட்டை கேளும்மா. நான் உள் அறையில இருக்கேன். தொழிலாளர் ஆபீசுக்கும் சொல்லிடறேன்."

மறுநாள் மடிப்பக்கா வாசலை மறித்து நின்று கேட்டாள்.

"கார்டா? இதோ!" மேஸ்திரி பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து விசிறி மாதிரி விரித்தான். முப்பதுக்குக் குறையாது. "எல்லார்தும் எங்கிட்ட பத்திரமா இருக்கு. இதுங்ககிட்ட குடுத்தா தொலைச்சிடும்ங்க." பெருமை வேறு.

"ஒரு மூஞ்சிக்கு இத்தனை கார்டாண்ணே? அவங்கவங்கதை அவங்கவங்க கையில குடுங்க. அப்புறம் மூட்டை இறக்கலாம்."

"ஓஹோ! வண்டியைத் திருப்பிட்டா ஆபரேஷனுக்கு என்ன, பேப்பரையா விரிப்பீங்க?"

மடிப்பக்கா பின்னால் இருந்த அலமாரிகளைத் திறந்துவிட்டாள். முந்தின நாளே வார்டு வார்டாக ஏறி இறங்கி அவள் சேர்த்த விரிப்புகள், மேல்தட்டு வரை.

"ரெண்டு நாளைக்குத் தாங்கும். தாராளமா திருப்புங்க."

உள் அறையிலிருந்து அதிகாரியம்மா வெளியே வந்ததும் மேஸ்திரி அவசர அவசரமாக இரண்டு அட்டைகளை உருவி அந்தப் பெண்களிடம் நீட்டினான். "வண்டியில ஏறு, திரும்ப வாங்கிக்கறேன்" என்று சின்னவளிடம் முணுமுணுத்தது மடிப்பக்காவுக்கும் கேட்டது.

"நீ ஏறணுமா?" என்று அவள் சின்னவளைக் கேட்டாள்.

சின்னவள் அட்டையிலிருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் ஏறல" என்றாள்.

"ஏய்!"

"அவளை அதட்டாதீங்க," என்றார் அதிகாரியம்மா. "மிச்ச அட்டையை மேஜையில வைங்க. தொழிலாளர் ஆபீஸ் ஆளுங்க உங்க ஹாஸ்டலுக்குக் கிளம்பியாச்சு."

"அப்ப நானும் ஏறல" என்று பெரியவள் வாசல் வரை தூக்கி வந்திருந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது சுத்தமான துணிடி, எந்திரி" என்று மடிப்பக்கா ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.