பொட்டலக் காகிதம்

எங்கள் அப்பா நல்லமுத்து யாரையும் லேசில் நம்பமாட்டார். 1966-ல் டி.பி. வந்த பிறகு நம்பாமல் இருப்பதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. மல்லாங்கிணறு பக்கம் எங்களுக்குக் கரிசல்காடு. பருத்தி விலை கேட்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு, ஒன்றரை வருஷம் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப்போய் ஒரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டார். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நோய் குணமாகி, இருமல் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. வெளியிடத்தில் இருமல் வந்தால் துண்டை வாயில் அமுக்கிக்கொள்வார்.

காரியாபட்டியில் எனக்கு மாப்பிள்ளை பேசியதும் அப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரின் அலமாரியில் அப்பா பேரும் ஊரும் நோயும் எழுதிய சீட்டு கிடந்தது. கம்பவுண்டர் பொன்ராஜ் அதை யாருக்காவது காட்டி, சம்பந்தத்தைக் கெடுத்துவிடுவார் என்று சந்தேகம். பொன்ராஜ் பாவம், நல்ல மனுஷர். அதைச் சொன்னால் அப்பா என்னையும் ஒரு மாதிரி பார்ப்பார். நோயாளியின் சீட்டைப் பிறருக்குக் காட்டக்கூடாது என்று சட்டம் உண்டா என ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டிருக்கிறார். "யாருக்குங்க சொகமில்ல?" என்று குமாஸ்தா திருப்பிக் கேட்க, அப்பா மாட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நிச்சயம் முடிந்த மாதம், அம்மா ஒரு சீரகப் பொட்டலத்தைப் பிரித்தாள். காகிதம் அந்த டாக்டரின் சீட்டு. ஒச்சம்மாள், வயது நாற்பது, டி.பி. அப்பா பொன்ராஜிடம் ஓடினார். டாக்டர் மதுரைக்குக் குடிபோனபோது பழைய சீட்டெல்லாம் எடைக்குப் போய்விட்டதாம். எந்தெந்தக் கடைக்குப் போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பொட்டலக் காகிதத்தையும் அப்பா இரண்டு பக்கமும் படித்துவிட்டு அடுப்பில் போட்டார். அவருடைய சீட்டு வரவேயில்லை. இங்கே வராததால் காரியாபட்டிக்குத்தான் போயிருக்கும் என்று அடித்துச் சொன்னார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

கல்யாணம் நடந்துவிட்டது. ஆடிக்கு என்னை அழைத்துப்போக அப்பா வந்திருந்தார். நான் மிளகுப் பொட்டலத்தைப் பிரித்தேன். என் மாமனார் உக்கிரபாண்டி எழுந்து வந்தார்.

"அந்தத் தாள இங்கிட்டுக் குடு தாயி."

வாங்கி, இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்து, அவரே அடுப்பில் வைத்தார். அது எரிந்து முடியும்வரை நின்றார்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அருப்புக்கோட்டைப் பக்கம் போவதுண்டா என்று மெல்லக் கேட்டார்.

மாமனார் அப்பாவின் கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"முன்னாடி ரெண்டு வருசம் போனேன் சம்பந்தி. பருத்தி வெல கேக்க."

அப்பா துண்டைத் தோளில் போட்டார். அந்த வீட்டில் முதல்முறையாக வாய்விட்டு இருமினார்.