கடிதம் காட்டினால்தான் பட்டை

ராணுவச் சட்டைக்குப் பதவிப் பட்டை தைக்கிறவளுக்கு நூலுக்கும் ஊசிக்கும் முன்னால் சந்தேகம் வேண்டும். லான்ஸ் கோப்பரலுக்கு ஒரு பட்டை, கோப்பரலுக்கு இரண்டு, சார்ஜனுக்கு மூன்று. பதவி உயர்வுக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் கூலாய் ஊரில் என் தையல் கடையில் ஊசி இறங்காது. கடை வைத்து, வருகிறவர்களையெல்லாம் ஏற இறங்கப் பார்த்தே பழகிப்போன உங்களுக்கு என் அவஸ்தை புரியும்.

நாடகச் சார்ஜன்

பத்து பாகாட் ஊர்த் துணி ஆலையிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று பட்டை வேண்டுமாம்; ஆண்டு விருந்தில் நாடகமாம். ஆள் விறைப்பாக நின்ற விதமே எனக்குப் பிடிக்கவில்லை. நாடகம் முடிந்ததும் அதே சட்டையோடு யாரை மிரட்டப் போவாரோ? கடிதம் கேட்டேன்.

“அலமாக், அக்கா! நடிக்கறதுக்குமா லெட்டர்?”

வெளுக்காத இடம்

ஒரு பெண் கணவரின் சட்டையில் ஒரு பட்டை தைக்கச் சொன்னாள். வெயிலில் வெளுத்த சட்டைக் கையில் இரண்டு பட்டை இருந்த இடம் மட்டும் பச்சையாகவே இருந்தது. யார் சட்டை இது என்று அதட்டினேன். தலையைக் குனிந்துகொண்டாள். கணவரின் பதவியைக் குறைத்துவிட்டார்களாம். ஏன் கேட்டோம் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“அந்த இடம் தெரியாத மாதிரி தைங்க அக்கா. பிள்ளைங்களுக்கு எண்ணத் தெரியும்.”

லட்டு

பதவி உயர்ந்தால் இனிப்போடு வருவது இங்கே வழக்கம். லாபிஸிலிருந்து ஓர் அம்மா மகனின் சட்டையையும் ஒரு டப்பா லட்டையும் கொண்டுவந்தார். இரண்டு பட்டையைப் பிரித்துவிட்டு மூன்று தைக்க வேண்டும். முந்திரி போட்ட லட்டு. மகனுக்குப் பெண் தேடும் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மூன்றாவது லட்டை எடுக்கும்போது சட்டை தயார்.

“சாப்பிடுங்க தங்கச்சி, என் மகன் இப்ப சார்ஜன் லா!”

மாப்பிள்ளை

போன வாரம் என் தங்கை போனில் ஒரு படம் அனுப்பினாள். அவள் மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையாம், லாபிஸ்காரர், சார்ஜன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டை முனையில் நான் போடும் இரட்டைத் தையல்! அந்த லட்டு அம்மாவிடம் நான் கடிதமே கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண் ஒரு பொய்யனுக்குக் கழுத்தை நீட்டப் போகிறாள், அந்தப் பொய்யைத் தைத்துக் கொடுத்தவள் நான்.

பையனைக் கடைக்கு வரச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவனே சட்டையோடு வந்து நின்றான். கடிதம் எங்கே என்றேன். ராணுவ அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். கோப்பரல்.

“மூணு பட்டை அம்மாவோட ஆசை, ஆன்ட்டி. போட்டோவுக்கு மட்டும்தான் போட்டேன். தப்புதான்” என்றான்.

தங்கையிடம் சொல்லிவிடுவதென்று போனை எடுத்தேன். அவன் பதறவில்லை.

“பொண்ணுகிட்ட நேத்தே சொல்லிட்டேன் ஆன்ட்டி. ‘முதல்ல பெரியம்மாகிட்ட போய் அந்தப் பட்டையைப் பிரிச்சிட்டு வாங்க, அப்புறம் கல்யாணத்தைப் பேசலாம்’னு சொல்லிட்டாங்க.”

ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு அந்த லட்டின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.