டிஸ்க்கில் வராத குரல்

கேசட்டக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கேசட்டுகள் மலையேறி வெகுகாலம் ஆகியும் பெயர் மட்டும் அவளை விடவில்லை. துணிக்கடைக்கு மேலே, மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரே ஒரு அறை. அதில் ஒரு கணினி, டிஸ்க் எழுதும் கருவி, பழைய டிவி ஒன்று, அதோடு இணைத்த டிவிடி பிளேயர். கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள் என்று ஜனங்கள் போனில் எடுத்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் டிஸ்க்கில் போட்டுத் தருவாள்.

வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் திரும்பி வராமலே போனபோது, இந்தக் கடையை வைத்துக் கொடுத்தவன் அவளுடைய அண்ணன். முதல் கணினியை அவனே தோளில் சுமந்து படியேறி வந்தான். "அழுது முடிச்சிட்டியா? இனிமே இதைப் பாரு" என்றான். அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள்.

வேலை செய்யும்போது அவள் ஸ்பீக்கரை அணைத்தே வைத்திருப்பாள். நாளெல்லாம் ஊரான் வீட்டுக் கூச்சலைக் கேட்டால் மண்டை காய்ந்துவிடும். படத்தை மட்டும் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் உறையில் போட்டுக் கொடுத்துவிடுவாள். இத்தனை வருடத்தில் யாரும் குறை சொன்னதில்லை.

அன்று வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் உருளைக்குள் கை சிக்கி விரல்களை இழந்த தொழிலாளியின் மனைவி. முந்தின வாரம் வந்து, ஒரு மெமரி கார்டைக் கொடுத்து டிஸ்க் போட்டு வாங்கிப் போனவள்தான்.

"அக்கா, சத்தமே வரலைக்கா!" என்றாள் வாசலிலேயே, டிஸ்க்கையும் மெமரி கார்டையும் நீட்டி. "விபத்து விசாரணையில போட்டாங்க. படம் ஓடுது, வாயெல்லாம் அசையுது, ஒரு சொல்லு கேக்கலை. கம்பெனி வக்கீல் சிரிக்கிறாரு."

"போன்ல போட்டுக் காட்டலாமே?"

"போன்ல இருக்கறதை யார் வேணா மாத்தலாமாம். டிஸ்க்குதான் வேணுமாம். சாப்பாட்டு நேரம் முடிஞ்சு திரும்ப உக்காருவாங்க. அதுக்குள்ள சத்தத்தோட கொண்டு வான்னு அதிகாரி சொல்லிட்டாரு. இல்லைன்னா இன்னிக்கே முடிச்சிடுவாங்கக்கா."

கேசட்டக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டாள். தன் வேலையில் ஓட்டை என்ற கவலை ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அவளுடைய அண்ணன் அதே தொழிற்சாலையில்தான் மேற்பார்வையாளன். விபத்து நடந்த அன்று அவள் கேட்டிருந்தாள். "நான் அந்தப் பக்கமே போகலை. உருளை மூடியை அவனே கழட்டிட்டு ஓட்டியிருக்கான்" என்று அண்ணன் சொன்னான். அவள் நம்பினாள். நம்பியதால்தான் இந்த வேலையை எந்தச் சங்கடமும் இல்லாமல் கையில் எடுத்தாள்.

"உக்காரும்மா" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு, அந்த டிஸ்க்கைத் தன் பிளேயரில் போட்டாள். படம் வந்தது. ஒலியைக் கூட்டினாள். ஒன்றுமில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினாள். வேறொரு டிஸ்க்கைப் போட்டதும் பாட்டு அறையையே தூக்கியது. ஆக, பிளேயரில் பழுதில்லை, வயரிலும் இல்லை. அதே ஊமை டிஸ்க்கைக் கணினியில் போட்டு, அணைத்து வைத்திருந்த ஸ்பீக்கரைத் திறந்தாள். கடகடவென்று இயந்திரச் சத்தம் கேட்டது.

"வருதே!" என்று எழுந்துவிட்டாள் தொழிலாளியின் மனைவி.

"கம்ப்யூட்டர்ல வரும். அது எந்த மாதிரிச் சத்தமா இருந்தாலும் படிச்சிடும். டிவிடி பிளேயருக்குத் தெரிஞ்சது ரெண்டு மூணு வகைதான். போன்ல பதியறது வேற வகை. நான் படத்தை மட்டும் மாத்திட்டு, சத்தத்தை இருந்தபடியே விட்டிருக்கேன்." நிறுத்தினாள். "என் தப்புதான். கேட்டுப் பாத்திருக்கணும்."

கார்டில் இருந்த படத்திலிருந்து சத்தத்தைத் தனியாகப் பிரித்து, பிளேயருக்குப் புரியும் வகைக்கு மாற்றக் கொடுத்தாள். மாற்றியதை ஹெட்போனில் கேட்டாள். உருளையின் இரைச்சல். யாரோ தும்முகிறார்கள். மெக்கானிக்குக் காட்டுவதற்காகச் சக தொழிலாளி ஒருவன் உருளை எழுப்பும் விநோதச் சத்தத்தைப் போனில் பிடித்திருக்கிறான். அதற்கிடையே காயம்பட்டவனின் குரல்: "மூடி மாட்டினா அட்டை சிக்குதுங்க. மெக்கானிக் வரட்டும்." படத்துக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

"கழட்டிட்டு ஓட்டுடா. லாரி நிக்குது. எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

கேசட்டக்கா மவுஸைப் பின்னுக்கு நகர்த்தினாள். திரும்ப ஓட்டிக் கேட்டாள். தேவையே இருக்கவில்லை. 'எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்.' கடைக்குச் சாவி கொடுத்த அன்று இதே குரல் இதே சொற்களை அவளிடம் சொல்லியிருந்தது.

"என்னக்கா, கேக்குதா?" பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"ம்."

"அந்த சூப்பர்வைசர் பேசறது வருதா? தான் அங்க இருக்கவே இல்லைன்னு சாதிக்கிறாருக்கா அந்த ஆளு. என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து தானா மூடியைக் கழட்டினாராம். அவரு குடிக்கவே மாட்டாரு."

கேசட்டக்கா திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். 'ஃபைல் கெட்டுப்போச்சும்மா, ஒண்ணும் பண்ண முடியாது' என்று சொன்னால் முடிந்தது. அதை மறுத்துச் சொல்ல இந்த அறையில் ஆளில்லை. கார்டு அவள் கையில்தான் இருக்கிறது. நாக்கின் நுனிவரை அந்தப் பொய் வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பின்னால் அந்தப் பெண் தன் புருஷனுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டீங்களா? ஸ்பூன் வச்சே சாப்பிடுங்க, இடது கையில சிந்தினா சிந்தட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேசட்டக்கா பாட்டிலை மூடினாள். புது டிஸ்க்கை எடுத்துக் கருவியில் வைத்தாள்.

எழுதி முடித்து டிவிடி பிளேயரில் போட்டபோது சத்தம் வந்தது, ஆனால் பின்தங்கி வந்தது. காயம்பட்டவன் வாயை மூடிய பிறகு அவன் பேச்சு கேட்டது. உருளை மூடியைக் கையால் தட்டுகிறான்; 'டம்' என்பது கையை எடுத்த பின்னால் விழுகிறது.

"ஐயோ, இப்படிக் கொடுத்தா ஒட்ட வச்சதுன்னு சொல்லிடுவாங்களே!" தொழிலாளியின் மனைவி தலையில் கை வைத்தாள். "நேரம் ஆயிடுச்சுக்கா. இதையே கொடுத்துடுங்க."

"இரு. அரைகுறையாக் கொடுக்க மாட்டேன்."

போன் படத்தை ஒரே சீரான வேகத்தில் பதிவதில்லை. ஓரிடத்தில் ஓடும், ஓரிடத்தில் நொண்டும். டிஸ்க் சீராக ஓடுவது. அதனால் முதலில் படத்தின் வேகத்தைச் சீராக்கி, பிறகு சத்தத்தைச் சேர்க்க வேண்டும். கணினி தன் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. கீழே துணிக்கடையில் சாப்பாட்டுக்காக ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. தொழிலாளியின் மனைவி வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். கேசட்டக்கா போனை எடுத்து அண்ணனின் எண்ணைப் பார்த்தாள். 'நீயே முந்திச் சொல்லிடுண்ணா' என்று சொல்லலாம். சொன்னால் இந்தப் பெண்ணுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அவனுக்கு. போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

கடைசியில் டிஸ்க் வெளியே வந்தது. கை தட்டிய கணத்திலேயே 'டம்' விழுந்தது. இம்முறை அவள் முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள்.

"நானும் வர்றேன். யார் போட்டது, எப்படிப் போட்டதுன்னு கேப்பாங்க."

விசாரணை அறையில் மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் வரிசையில் அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருந்தான். தங்கையைப் பார்த்ததும் முதலில் புருவத்தை உயர்த்தினான். அவள் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்ததும் முகம் வெளிறியது. தொழிலாளி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, எதையும் பார்க்காமல் இருந்தான்.

படம் ஓடியது. அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

அதிகாரி அவளைக் கூப்பிட்டார். "நீங்க இதுல ஏதாவது சேர்த்தீங்களா? வெட்டினீங்களா?"

"இல்லைங்க. சத்தம் கார்டுல இருந்ததுதான். இந்த மெஷினுக்குப் புரியற மாதிரி வகையை மாத்தினேன், வேகத்தைச் சீராக்கினேன். வேற கை வைக்கலை."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "குரல் யாரோடதுன்னு எப்படித் தெரியும்? முகமே தெரியலையே. யார் வேணா பேசியிருக்கலாம்."

அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கேசட்டக்காவிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுங்க. அது என் அண்ணன் குரல்."

தொழிலாளியின் மனைவி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

அண்ணன் மெதுவாக எழுந்தான். தங்கையைப் பார்க்காமல், அதிகாரியைப் பார்த்துப் பேசினான். "நான்தாங்க சொன்னேன். லாரி கிளம்பியாகணும்னு மேனேஜர் நெருக்கினாரு. அப்புறம், நீ அங்க இருக்கவே இல்லைன்னு சொல்லிடுன்னாரு. சொல்லிட்டேன்." வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை.

விபத்துக்குத் தொழிலாளி பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. வேறு பிரிவில், உட்கார்ந்து செய்யும் வேலை அவனுக்குக் கிடைத்தது. மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அண்ணனுக்கு வேலை போனது. மரக்கடை ஒன்றில் சேர்ந்தான். தங்கையோடு பேச்சை நிறுத்தினான். தெருவில் எதிர்ப்பட்டால் அந்தப் பக்கம் கடந்துவிடுவான். அவர்களுடைய அம்மா இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போய் இரண்டு பேரையும் திட்டினாள்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நாள் அண்ணி வந்தாள். குடையை மடக்காமலே வாசலில் நின்றாள்.

"உன் மேல எனக்கு அப்படி ஒரு கோவம். கூடப் பிறந்தவனைச் சபையில நிறுத்திட்டியேன்னு" என்றாள். "இப்பவும் முழுசாப் போகலை. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த ஆளுக்கு அடிபட்ட நாள்லேர்ந்து உங்கண்ணன் தூங்கினதே இல்லை. முற்றத்துல நடந்துக்கிட்டே இருப்பாரு. இப்ப தூங்கறாரு."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா அண்ணி?"

"இல்லை" என்றாள் அண்ணி. பொய் சொல்ல வராத ஆள் அவள். பிறகு உள்ளே வந்து, குடையை மூலையில் சாத்திவிட்டு, "தண்ணி கொடு" என்று உட்கார்ந்தாள்.