தாராவியில் காலை

எங்கள் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை மத்தியானங்களில் சினிமா எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அறுபதுகளில், மாட்டுங்காவில், ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். பூகோள வாத்தியாரின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்து கொடுத்த ஒரு சின்னக் காமிராவும் சில பிலிம் ரோல்களும்தான் மூலதனம். சினிமா என்ற சொல்லைக் கேட்டதும் தலைமையாசிரியருக்கு முகம் கோணியது. பெண் பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். அதனால் கால அட்டவணையில் ‘காட்சிக் கல்வி’ என்று பெயர் போட்டார்கள். நாங்கள் எல்லாரும் சினிமா கிளாஸ் என்றுதான் சொன்னோம், தலைமையாசிரியர் உட்பட.

காமிராவுக்கு மின்சாரம் வேண்டாம். பக்கத்தில் ஒரு சாவி இருக்கும், கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல முறுக்க வேண்டும். அரை நிமிஷம் ஓடிவிட்டு நின்றுவிடும். பிலிம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்ததால் பெரும்பாலான வகுப்புகளில் பிலிம் போடாமலேயே படம் எடுத்தோம். மூச்சை அடக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டிவை, நடக்கிற ஆளைத் துரத்தாதே, அவரே உன் முன்னால் வரட்டும் என்று வாத்தியார் சொல்லிக்கொண்டே இருப்பார். காலிக் காமிராவால் காக்கைகளையும் பியூனையும் எடுத்துத் தள்ளினோம். பியூன் ஒவ்வொரு தடவையும் தலை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

ஆளுக்கொரு வேலை கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது மீட்டர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, அதில் கண்ணாடிக்குள் ஓர் ஊசி. வெளிச்சம் கூடினால் ஊசி எழும்பும், குறைந்தால் படுத்துவிடும். ஊசி நிற்கும் எண்ணை நான் உரக்கச் சொன்ன பிறகுதான் வாத்தியார் காமிராவைத் தொடுவார். வகுப்பில் வாய் திறக்காத எனக்கு, ஒரு வாத்தியார் என் சொல்லுக்காகக் காத்து நிற்பது தலைக்கேறிவிட்டது. கண்ணுக்குப் போதுகிற வெளிச்சம் பிலிமுக்குப் போதாது என்று அந்த மீட்டரிடம்தான் தெரிந்துகொண்டேன். இருட்டானாலும் கண் பழகிவிடும். ஊசி பழகாது.

எங்கள் வகுப்பில் தாராவியிலிருந்து வருகிறவர்கள் சில பேர் இருந்தோம். யாரும் அதை வலியச் சொல்லிக்கொள்வதில்லை. எங்கே வீடு என்று கேட்டால் பக்கத்து ஸ்டேஷன் பெயரைச் சொல்லி ‘சயான் பக்கம்’ என்போம். அப்பா தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தார். அந்த வாடை என் உடுப்பில் இருக்கிறதோ என்று தினமும் வகுப்புக்குள் நுழையும் முன் தோளை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். வெட்கப்பட எனக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை, அது என் கூடவே பஸ் ஏறி வந்தது.

உண்மையாகவே பிலிம் போட்டு எடுக்க வாத்தியார் ஒரு விஷயம் வைத்திருந்தார். மூன்று மாணவிகளின் காலை நேரம். ஒருத்தி மாட்டுங்கா, ஒருத்தி செம்பூர், மூன்றாவது நான். ‘சயான் பக்கம்’ என்று பலகையில் எழுத முடியாது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். படத்துக்குச் சத்தம் கிடையாது, அதனால் எந்த இடம் என்பதைக் கரும்பலகையில் எழுதி அதையே படம் பிடிக்க வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே எழுத வைத்தார்கள். மாட்டுங்காவில் காலை, செம்பூரில் காலை, தாராவியில் காலை. மூன்று பலகையையும் பள்ளி மைதானத்தில் ஒரே வெயிலில் எடுத்து முடித்தோம். பிறகு வெட்டி அங்கங்கே ஒட்டிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

மாட்டுங்கா வீட்டில் ஆள் உயர ஜன்னல்கள். நான் மீட்டரை நீட்டியதும் ஊசி துள்ளியது. செம்பூர் வீட்டுத் தோட்டத்தில் வெளிச்சம் அதிகமாகிப் போய் அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை மர நிழலுக்கு மாற்றினோம். இரண்டு வீட்டிலும் காபி கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டை நினைத்துக்கொண்டு நான் அந்தக் காபியைச் சூடு தெரியாமல் குடித்தேன்.

அம்மாவோ சந்து முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள், எங்கள் வீடு படத்தில் வரப்போகிறது என்று. ஒரே அறை, மேலே தகரம். ஆனால் தரை சிவப்புச் சிமிண்டு, அந்தச் சந்தில் வேறு யாருக்கும் இல்லாதது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தானே போட்டது. அம்மா அதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. சுவர்ப் பலகையில் பித்தளைப் பாத்திரங்கள் உயர வாரியாக நின்றன. படத்தில் தரை தெரிகிற மாதிரி வாத்தியாரிடம் சொல்லிவிடு என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு அந்தப் படத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மாட்டுங்காக்காரர்கள் நம் வீட்டைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலையில் வாத்தியாரும் என் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேரும் வந்தார்கள். பெண்கள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டியதை நான் பார்க்காததுபோல நின்றேன். வீட்டுக்குள் நுழைந்து மீட்டரை நீட்டினேன். ஊசி அசையவில்லை. வாசலுக்கு நேராக நீட்டினேன், அடுப்புப் பக்கம் நீட்டினேன், உதறியும் பார்த்தேன். அம்மா சிரித்த முகமாக அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், நான் எண்ணைச் சொன்னதும் கிண்டத் தொடங்க வேண்டும் என்று கரண்டியோடு.

“ஊசி ஏறல, சார்,” என்றேன். என் வீட்டைப் பற்றி என் வாயாலேயே, எல்லார் முன்னாலும்.

அடுப்பையும் சாமான்களையும் வெளியே சுவரோரம் வைத்து எடுத்தால் படத்தில் வீட்டுக்குள் இருப்பதுபோலவே தெரியும் என்று வாத்தியார் அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா என்னைத்தான் பார்த்தாள். வெளிச்சம் இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாதும்மா என்றேன்.

“எனக்கு எல்லாம் தெரியத்தான செய்யுது,” என்றாள். “வீடு இருக்கையில தெருவுலயா பொங்குவாவ?”

அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் உற்சாகமாக ஸ்டவ்வைத் தூக்கினார்கள், குடத்தைத் தூக்கினார்கள், பித்தளையைப் பலகையோடு இறக்கினார்கள், டிரங்குப் பெட்டியையும் பாயையும் வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். சிவப்புத் தரையை மட்டும் தூக்க முடியவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போன மழைக்கு முன்னால் இரண்டு சந்து தள்ளி முனிசிபாலிட்டி வந்து வீடுகளை இடித்துப் போட்டிருந்தது. முதலில் பேன்ட் போட்ட ஒருவர் கையில் எதையோ வைத்துக்கொண்டு வந்து சுவர்களைப் பார்ப்பார். பின்னாலேயே கடப்பாரைக்காரர்கள் வருவார்கள். சாமானை முந்தி வெளியே எடுத்தவர்களுக்குச் சாமான் மிஞ்சும். அந்த மழைக்காலத்திலிருந்து எங்கள் சந்தில் எல்லாருக்கும் ஒரு காது வாசலில்தான் இருந்தது.

குழாயடியிலிருந்து திரும்பிய ஒரு பெண் சந்து முனையில் நின்று பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டுச் சாமான் தெருவில். பேன்ட் போட்ட ஓர் ஆள். அவர் பக்கத்தில் சுவரை நோக்கிப் பெட்டியை நீட்டிக்கொண்டு நான். முனிசிபாலிட்டிக்காரன் வந்துட்டான் என்று அவள் கத்தியதுதான் தெரியும், வீடு வீடாகக் கதவு திறந்தது. அரிசி டின் வந்தது, தையல் மிஷின் வந்தது, தொட்டில் வந்தது, தொட்டிலோடு பிள்ளையும் வந்தது. அடுத்த வீட்டு அக்கா அப்போதுதான் பிடித்து வைத்திருந்த தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்து எங்கள் டிரங்குப் பெட்டியில் இடறி அவ்வளவையும் கொட்டினாள். இல்லை, இல்லை, படம் எடுக்கிறோம் என்று நான் கத்தினேன். அந்த இரைச்சலில் யார் கேட்பார்கள்.

எல்லாம் தெரிந்த என் அம்மாவே, ஒரு சாமானையும் வெளியே எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவள், மிச்சமிருந்த அரிசிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். என்னைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. பானையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுச்சந்தில் நின்றாள்.

வாத்தியார் சாவியை முறுக்குவதும் எடுப்பதும் மறுபடி முறுக்குவதுமாக இருந்தார். அவர் கெட்டவர் இல்லை, இன்றைக்கும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாட்டுங்காவில் முனிசிபாலிட்டி என்றால் குப்பை வண்டி, வரி ரசீது. எதற்காக இப்படி ஓடுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவே இல்லை, ஆனால் நல்ல காட்சி என்று மட்டும் விளங்கிவிட்டது. ரோல் அதிலேயே தீர்ந்துபோனது. அம்மா சமைப்பதையோ நான் பின்னல் போட்டுக்கொள்வதையோ எடுக்கவே இல்லை.

விஷயம் தெரிந்ததும் சிலர் சிரித்தார்கள், சிலர் அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். வாத்தியாரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வாத்தியார் அல்லவா. அம்மா எங்கள் குடத்துத் தண்ணீரை அக்காவின் குடத்தில் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு பித்தளையை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பலகையில் ஏற்றினாள். நான் உதவப் போனபோது போய்ப் படி என்றாள்.

பிலிம் கழுவி வரப் பல வாரம் ஆயிற்று. பிளேடால் வெட்டி, மூக்கைத் துளைக்கும் பசை தடவி ஒட்டக் கற்றுக்கொண்டோம். நான் மூன்றாவது பலகையை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ‘தாராவியில் காலை’ என்று என் அழகான கையெழுத்து. அதற்கடுத்து, ஒரு காரணமும் இல்லாமல், பெண்கள் பெட்டி படுக்கையோடு ஓடுகிறார்கள். முனிசிபாலிட்டி என்று கத்தியது படத்தில் இல்லை. தினமும் காலையில் நாங்கள் இதைத்தான் செய்கிறோம் என்பதுபோல இருந்தது. அதை வெட்டிவிடலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். படத்தில் உயிருள்ள இடமே அதுதானே என்றார். அப்படியானால் இன்னொரு பலகை எழுதுகிறேன் என்றேன். பிலிம் இல்லை, ஆண்டு விழாவில் மைக்கில் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். விழாவன்று மைக் மேடையில் இருந்தது, அவர் கூட்டத்துக்குப் பின்னால் புரொஜக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அடுத்த வீட்டு அக்காவும் கூட வந்தாள். மாட்டுங்காப் பெண் ஜன்னலோரம் காபி குடித்தாள், செம்பூர்ப் பெண் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், எல்லாரும் அழகு என்றார்கள். பிறகு என் கையெழுத்து வந்தது. புரொஜக்டர் வேகம் எகிறி ஓடியதால் ஓடியவர்கள் எல்லாரும் தத்தித் தத்தி ஓடினார்கள். ஹால் முழுக்கச் சிரிப்பு. தன்னைத் திரையில் கண்ட அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அம்மா சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, திரையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீடு எப்ப வரும்ட்டி?” என்று என் காதில் கேட்டாள்.

அதற்குள் திரை வெள்ளையாகிவிட்டது. விளக்குப் போட்டார்கள். தலைமை விருந்தினர் எழுந்து இங்கிலீஷில் பேசினார். நடுவில் எங்கள் பக்கம் கையைக் காட்டினார், மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. நம்மைப் பற்றியா சொல்லுகிறார்கள் என்று அம்மா கேட்டாள். தாராவிப் பெண்களின் ஹாஸ்யம்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது, இவ்வளவு இயல்பாக நடிக்க யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறார் என்று நான் சொன்னேன். ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன். இங்கிலீஷ் புரிகிறது என்று எனக்கு அப்போது பெருமை இல்லை.

அம்மா மேடையிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

“அப்போ நெசமாவே இடிக்க வார அன்னைக்கும், பாக்கவங்களுக்கு இப்படித்தான் இருக்குமோ?” என்றாள்.

மேடையில் பேசியதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லத் தெரிந்தது. அம்மா கேட்டதை மேடைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.